அரைத்துரையின் பின்கதவு

முதலில் அது மிகவும் மரியாதையான சத்தமாகத்தான் இருந்தது. உள்ளே யாராவது தூங்கிக்கொண்டிருந்தால் எழுப்பிவிடக் கூடாதே என்று தயங்குகிற ஒருவர் விரல் முட்டியால் மெல்லத் தட்டுவது மாதிரி, டொக், டொக், டொக் என்று. மதியச் சாப்பாட்டுக்காகக் காத்திருந்த நேரத்தில் சீருடைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த அரைத்துரை எரிச்சலோடு வாசல் பக்கம் திரும்பினான். சத்தம் வாசலிலிருந்து வரவில்லை. பின்கதவிலிருந்து வந்தது. பின்கதவுக்கு அந்தப் பக்கம் காற்றே கிடையாது.

அரைத்துரை என்பது உள்ளூர்க்காரர்கள் வைத்த பெயர். பெரிய கிரகத்திலிருந்து படை வந்து இறங்கி, இந்தக் குட்டிக் கோளின் நிலத்தடி ஊரைப் பிடித்துக்கொண்டபோது, துப்பாக்கி பிடித்தவர்களுக்குப் பின்னால் பெட்டி பிடித்துக்கொண்டு வந்தவன் அவன். பதவி, காற்று வினியோகத் துணை அதிகாரி. மனைவியின் அண்ணன் தலைமையகத்தில் செல்வாக்கோடு இருந்ததால் கிடைத்த வேலை. படைக்காரர்களிடம் பல்லைக் காட்டுவான், உள்ளூர்க்காரர்களிடம் மீசையை முறுக்குவான். முழுத்துரை என்று கூப்பிட யாருக்கு வாய் வரும்?

அந்த ஊரில் தெருக்கள் எல்லாம் சுரங்கங்கள். ஒவ்வொரு வீட்டுக்கும் முன்னால் ஒரு தெரு, பின்னால் ஒரு தெரு, இரண்டு பக்கமும் சக்கரப் பிடி வைத்த இரும்புக் கதவு. எந்தக் கதவையும் தட்டிப் பார்க்காமல் அவர்கள் திறக்க மாட்டார்கள், மூடவும் மாட்டார்கள். அந்தப் பக்கம் காற்று போயிருக்கலாம், ஆள் இருக்கலாம். குழந்தை நடை பழகும்போதே தட்டவும் பழகிவிடும். அரைத்துரைக்கு இந்தத் தட்டல் பிடிக்கவில்லை. அவனுடைய மத்தியானத் தூக்கம் கெட்டது. ஆனால் தூக்கம் கெடுகிறது என்று மேலிடத்துக்கு எழுத முடியுமா? கலகக்காரர்களின் ரகசியச் சமிக்ஞை என்று எழுதித் தடை வாங்கிவிட்டான். பிரசவம் பார்க்கப் போன மருத்துவச்சியைக்கூடத் தட்டிய குற்றத்துக்காக உள்ளே தள்ளினான். ஊர் அமைதியானது. அவன் நன்றாகக் குறட்டை விட்டான்.

டொக், டொக், டொக்.

இஸ்திரிப் பெட்டியை நிறுத்திவைத்துவிட்டுப் பின்னறைக்குப் போனான். வீட்டுக்காரர்களை விரட்டிவிட்டு எடுத்துக்கொண்ட வீடு அது. பின்னறையில் இன்னும் அவர்களுடைய அலமாரியும், சுவரில் பிள்ளைகளின் உயரத்தைக் குறித்த கோடுகளும் இருந்தன. அந்தப் பக்கத்துக் காற்றழுத்தத்தைக் காட்டும் கதவு மானியில் ஊசி பூஜ்யத்தில் கிடந்தது. குறுக்குத் தாழ்ப்பாள் போட்டபடி இருந்தது. ஆனால் அறையில் ஒரு வாசனை. ஈரத்துணி, சோப்பு, சூடான ஆவி, புதிதாகக் கஞ்சி போட்ட துணியின் மொடமொடப்பான மணம். பின்தெரு சலவைக்காரர்களின் தெருவாக இருந்தது. இப்போது அது தெருவே இல்லை.

அந்தத் தெருவின் கூரையில் கசிவு வந்தது, மேலதிகாரி பார்வையிட வந்த நாளில். தெருமுனைப் பெருங்கதவை மூட வேண்டியிருந்தது. மூடுவதற்கு முன் கதவுக்காரர் வழக்கப்படி தட்டக் கையை ஓங்கினார்.

"கையை இறக்குய்யா! சட்டம் தெரியாதா?" என்றான் அரைத்துரை.

"உள்ள ஆளுங்க இருப்பாங்கய்யா."

"இருந்தா கத்தட்டும்."

அந்த இரும்பைத் தாண்டிக் கத்தல் வராது என்று அவனுக்கும் தெரியும். பெருங்கதவை மூடினார்கள். முன்தெரு வீடுகளின் பின்கதவுகளுக்கெல்லாம் அவன் உத்தரவுப்படி ஏற்கெனவே தாழ்ப்பாள் போட்டிருந்தது. தெரு காலியாக இருந்தது என்று அறிக்கை போனது. சமயோசிதமாகச் செயல்பட்டதற்காக ஒரு பதக்கம் வந்தது. நாளைக்குக் காலையில் பொறுப்பை ஒப்படைத்துவிட்டு, அந்தப் பதக்கத்தைக் குத்திக்கொண்டு ஊருக்குக் கப்பலேறப் போகிறான். அதற்குத்தான் இந்த இஸ்திரி.

அறிக்கையில் எழுதாத ஒன்று உண்டு. அன்றைக்குப் பெருங்கதவை மூடிய கையோடு அவன் இதே வீட்டுக்குத்தான் வந்தான். இதே கதவு தட்டப்பட்டது. முதலில் ஒரு கை, பிறகு பல கைகள். அவன் பாட்டுப்பெட்டியின் சத்தத்தைக் கூட்டிவைத்துவிட்டுத் தலையணைக்கு அடியில் தலையை நுழைத்துக்கொண்டான். பாட்டு முடிவதற்குள் தட்டலும் முடிந்துவிட்டது.

கதவுக்காரரைக் கூப்பிட்டு அனுப்பினான். அவர் வந்து மானியைப் பார்த்தார், கதவில் காதை வைத்தார், பிறகு தலையிலிருந்த தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"கேக்குதா?"

"கேக்குதுங்க."

"என்னய்யா அது?"

"தட்டுறாங்க."

"யாரு தட்டுறது? உளறாத! குளிர்ல குழாய் சுருங்குது, அவ்வளவுதான். என்ன?"

"சரிங்க. குழாய் சுருங்குது." அவர் வாசல்வரை போய்த் திரும்பிப் பார்த்தார். "குழாய் இந்தப் பக்கம் கிடையாதுங்கய்யா."

அவர் போனதும் அரைத்துரை முன்னறைக்கு வந்தான். தொலைபேசித் திரையில் மச்சானைக் கூப்பிட்டான். திரையில் மச்சான் எதையோ மென்றுகொண்டிருந்தார்.

"மச்சான், இங்க ஒரு சத்தம். அன்னிக்குக் கேட்ட மாதிரியே..."

"என்னிக்கு?"

அரைத்துரை பின்னறைப் பக்கம் விரலைக் காட்டினான்.

"மாப்ள, நான் சொல்றதை நல்லா கேட்டுக்குங்க. நீங்க இப்ப ஆளனுப்பச் சொன்னா, அவன் கதவுக்குப் பின்னால என்ன இருக்குன்னு பாப்பான். பாத்தா பதக்கமும் போச்சு, கப்பலும் போச்சு. உங்களுக்கு சிபாரிசு பண்ண என் வேலையும் போச்சு. நாளைக்குக் காலம்பறவரைக்கும் வாயைப் பொத்திக்கிட்டு அந்த வீட்டைவிட்டு நகராம உக்காருங்க. உங்களுக்குத் தங்கச்சியைக் கட்டிவச்ச பாவத்துக்கு நான் இன்னும் என்னென்ன கேக்கணுமோ!"

திரை அணைந்தது. உட்கார்ந்தான். வேறு என்ன தெரியும் அவனுக்கு? சட்டையின் காலரை மடித்தான், பிரித்தான், மறுபடி மடித்தான். பாட்டுப்பெட்டியை வைத்தான். பாட்டுக்கு நடுவே தட்டல் தாளம் தப்பாமல் வந்துகொண்டிருந்தது. பெட்டியை நிறுத்தினான். இப்போது தட்டல் ஒரே இடத்தில் இல்லை. ஆள் உயரத்தில் ஒன்று, அதற்குச் சற்றுத் தள்ளி ஒன்று, இடுப்புயரத்தில் அவசரமில்லாமல் ஒன்று. பிறகு தரையை ஒட்டி, முழங்காலுக்கும் கீழே, மிகச் சின்ன விரல்களால். டிக். டிக். டிக்.

அந்தச் சின்னச் சத்தத்தைத்தான் அவனால் தாங்க முடியவில்லை. பரிதாபத்தால் இல்லை. அவனிடம் அதெல்லாம் இருந்தால் கதை இதுவரை வந்திருக்காது. அது அவனை அவமானப்படுத்துவதாகப் பட்டது. ஓர் அதிகாரியின் வீட்டுக் கதவை இத்துனூண்டு கை தட்டுவதா! ஓடிப்போய்க் கதவின் மேல் உள்ளங்கையால் ஓங்கி அறைந்தான். மறுபடி அறைந்தான். மறுபடியும்.

"நிறுத்துங்கடா! சட்டம் போட்டிருக்கு! நிறுத்துங்க!"

நின்றது. டக்கென்று, எல்லாக் கைகளும் ஒன்றாக.

அரைத்துரை மூச்சு வாங்கினான். பிறகு சிரித்தான். கொஞ்சம் அதட்டினால் அடங்கிவிடுகிற கூட்டம்தானே இது, உயிரோடு இருந்தாலும் இல்லாவிட்டாலும்! கண்ணாடியில் பதக்கத்தை நெஞ்சோடு வைத்துப் பார்த்தான். ஊருக்குப் போய் இதைச் சொன்னால் யார் நம்புவார்கள் என்றுகூட யோசித்தான். பசித்தது.

சமையல்காரம்மா தட்டோடு வந்தாள். இந்த வீடு அவளுடையதுதான். அவள் வீட்டு அடுப்பில் அவளே அவனுக்குச் சமைத்துப்போட்டாள். அவன் உற்சாகத்தில் இருந்ததால், வழக்கமில்லாத வழக்கமாக அவளிடம் பேசினான்.

"ஏம்மா, உங்க ஆளுங்க செத்தும் அடங்க மாட்டாங்க போல. கதவைத் தட்டி உயிரை எடுத்துட்டாங்க. கையால நாலு அறை விட்டேன், கப்சிப்."

அவள் தட்டை வைக்காமல் நின்றாள்.

"உள்ளங்கையாலயா ஐயா?"

"பின்ன காலாலயா?"

"முட்டியால தட்டினா, அங்க காத்து இருக்கா, வரலாமான்னு கேக்கறதுங்க." அவள் குரலில் ஏற்ற இறக்கம் இல்லை. "உள்ளங்கையால தட்டினா, இருக்கு, வாங்கன்னு சொல்றது. சின்னப் பிள்ளைக்கும் தெரியும்."

"எனக்கு யாரும் சொல்லலையே!"

"நீங்க யாரையும் தட்ட விடலையேய்யா."

தட்டை மேஜையில் வைத்து மூடினாள். சேலைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். பின்னறைப் பக்கம் பார்த்தபோது அவள் முகம் உடைந்தது. உடைந்ததை அவனுக்குக் காட்டப் பிடிக்காதவள் போல உடனே திரும்பிக்கொண்டாள்.

"என் தங்கச்சி அங்கதான் இருந்தா. அவ பையனுக்கு அப்பதான் நடக்க வந்துச்சு."

"எங்க போற? நில்லு! ஏய்!"

"பின்கதவு திறக்கறப்ப முன்கதவை வெளிய நின்னு பூட்டணும்ங்க. தெருவுல காத்து போயிடக் கூடாது பாருங்க. அதுதான் எங்க முறை."

அவன் எழுவதற்குள் வாசல் கதவு மூடிக்கொண்டது. சக்கரப் பிடி வெளியிலிருந்து இறுகுகிற சத்தம் கேட்டது.

தொலைபேசிக்கு ஓடினான். மச்சான் எடுக்கவில்லை. வாசலுக்கு ஓடினான். கத்தினான். கத்தல் இரும்பிலேயே நின்றது. விரல் முட்டியால் தட்டினான். தெருவில் ஆள் நடமாட்டம் இருக்கிற நேரம். தரை அதிர்வில் காலடிகள் வந்தன. கதவருகே நின்றன. தட்டினான், தட்டினான், முட்டி கிழிந்து ரத்தம் வரத் தட்டினான். சட்டம் போட்டிருந்தது. காலடிகள் போய்விட்டன.

பின்னறையில் ஏதோ முறிந்தது.

மெல்லத் திரும்பினான். குறுக்குத் தாழ்ப்பாள் உப்புப் பூத்த மாதிரி பனி பூத்து, இரண்டு துண்டாகத் தரையில் கிடந்தது. சக்கரப் பிடி சுழன்றது. அவசரமே இல்லை. அழைக்கப்பட்டவர்கள் திறக்கிற மாதிரி.

கதவு திறந்தது.

காற்று வெளியே பாயவில்லை. பாய்ந்திருந்தால் அவனுக்கு நல்லதாகப் போயிருக்கும்.

உள்ளே வந்தார்கள். மிதியடியில் காலைத் துடைத்துக்கொண்டு, ஒருவர் பின் ஒருவராக. முழங்கைவரை சுருட்டிய கைகள். இடுப்பில் வெளுத்து மடித்த துணி மூட்டைகள். கண்களில் வெள்ளைப் பனி. ஒருவரும் அவனை முறைக்கவில்லை, ஒருவரும் கேள்வி கேட்கவில்லை. அவனை அவர்கள் பொருட்படுத்தவே இல்லை. சுவரோரம் நின்றார்கள். நெருக்கிக்கொண்டு இடம் விட்டார்கள். இன்னும் வந்தார்கள். பின்னறை நிறைந்தது. முன்னறை நிறைந்தது. அரைத்துரையின் முதுகு வாசல் கதவில் முட்டியது.

"ஐயா," என்றான். வாழ்நாளில் முதல் தடவையாக உள்ளூர்க்காரர்களை ஐயா என்றான். "அம்மா. நான் என்ன பண்ணட்டும், மேலிடத்து உத்தரவு..."

வாய்கள் திறந்தன. எல்லா வாய்களும்.

மூச்சை இழுத்தார்கள்.

நீளமாக. நெஞ்சுக்கூடுகள் உயர்ந்தன. இழுத்தார்கள். உயர்ந்துகொண்டே போயின. விடவில்லை. ஒருவர்கூட விடவில்லை. வாசல் கதவில் வீட்டுக்குள்ளிருக்கும் காற்றைக் காட்டும் மானியில், அவன் காதருகே, ஊசி நகர்ந்தது. பாதி. கால். அவன் வாயைப் பிளந்தான். வாய்க்குள் வர எதுவும் இல்லை. காதுக்குள் அழுத்தம். கண்ணுக்குள் அழுத்தம். முழங்கால் மடிந்தது. உட்கார்ந்தான்.

கால்களுக்கு நடுவே ஒரு சின்ன உருவம் தள்ளாடித் தள்ளாடி வந்தது. அவன் மடிமேல் கையூன்றி ஏறியது. சில்லென்ற உள்ளங்கைகள் அவன் இரண்டு கன்னத்தையும் பிடித்துக்கொண்டன. முகத்தை அவன் முகத்தோடு ஒட்டவைத்து, இரண்டே பல் முளைத்த வாயைத் திறந்து, அவனுக்குள் மிச்சமிருந்ததை அது இழுக்கத் தொடங்கியது.