கடைசி இருக்கைக்கு ஒரு டிக்கெட்

அன்று பிற்பகல் மூன்று மணிக்கே பாங்காக் இருட்டிவிட்டது. நல்ல மழை. டிப்போவைத் தாண்டும்போதே கால்வாயின் அழுகல் நாற்றம் பேருந்தின் மரத்தரை இடுக்குகள் வழியாக மேலேறி வந்தது. ஓட்டுநர் புன்லெங் அண்ணன் கண்ணாடிக்கு முன்னால் மல்லிகைச் சரத்தைத் தொங்கவிட்டார். நான் என் கைக்காசைப் போட்டு முதல் டிக்கெட்டைக் கிழித்து, பின்கதவை ஒட்டிய கடைசி இருக்கையில் வைத்தேன்.

இந்தத் தடத்தில் ஓடும் நடத்துநர் பெண்கள் எல்லோரும் அப்படித்தான் செய்வோம். ஒன்பது வருடங்களுக்கு முன், இதே கடைசி இருக்கையில் டிக்கெட்டைத் தொலைத்துவிட்டுப் பையைத் துழாவிக்கொண்டிருந்த ஒரு பெண்ணை, பரிசோதகர் ஒருவர் கொட்டும் மழையில் பாலத்தின் நடுவே இறக்கிவிட்டார். பின்னால் வந்த லாரிக்காரன் அவளைப் பார்க்கவில்லை. அதற்குப் பிறகு எந்த வெயிலிலும் அந்த இருக்கை காய்ந்ததில்லை.

சந்தை நிறுத்தத்தில் மானோப் ஏறினார். புதிதாக வந்த பரிசோதகர். டிக்கெட் எடுக்காத ஒரு பழக்காரியின் கூடையைப் போன வாரம் நடுரோட்டில் வீசியவர்.

"பயோம், என்ன இது?" கடைசி இருக்கையிலிருந்த டிக்கெட்டை எடுத்து என் முகத்துக்கு நேரே ஆட்டினார். "ஆளில்லாத சீட்டுக்கு டிக்கெட்டா? கிழிச்சதையே மறுபடி வித்து எத்தன நாளா சம்பாதிக்கிற?"

"சார், அத அங்கயே வெச்சிடுங்க. நான் காசு போட்டுட்டேன்."

"யாருக்கு? உன் மாமியாருக்கா?"

பயணிகள் யாரும் சிரிக்கவில்லை.

"நாளைக்கு நீ வேலைல இருக்க மாட்ட." டிக்கெட்டைக் கசக்கிச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டார். என் சம்பளத்தை நம்பி வீட்டில் மூன்று பேர். கெஞ்சுவதற்கு வாயெடுத்தேன்.

வண்டி பாலத்தில் ஏறியது.

விளக்குகள் மங்கின. மழைச்சத்தம் கத்தரித்தாற்போல நின்றது. கண்ணாடியில் தண்ணீர் மட்டும் சத்தமில்லாமல் வழிந்துகொண்டிருந்தது.

கடைசி இருக்கையில் ஒரு பெண் குனிந்து உட்கார்ந்திருந்தாள்.

எந்தக் கதவும் திறக்கவில்லை. ஈரக்கூந்தல் முகத்தை மூடியிருந்தது. மடியிலிருந்த பைக்குள் அவள் கைகள் எதையோ துழாவின.

மானோப்புக்கு ஒன்றும் உறைக்கவில்லை. "ஏம்மா, டிக்கெட்டக் காட்டு."

துழாவல் நிற்கவில்லை.

"இல்லாத டிக்கெட்ட எவ்வளவு நேரம் தேடுவ? எந்திரி! எறங்கு!" அவள் தோளைப் பிடித்தார்.

பிடித்த கையை அவரால் எடுக்க முடியவில்லை.

அவள் தலை மெல்ல நிமிர்ந்தது. நான் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. மானோப்பின் முகத்தைத்தான் பார்த்தேன். அது போதும்.

"நீதான எடுத்த?"

காதுக்குள் யாரோ ஊதியதுபோல அந்தக் குரல் எனக்கும் கேட்டது.

"நிறுத்து!" மானோப் அலறினார். "கதவத் தெற, நான் எறங்கணும்!"

"பாலத்துல யாரையும் எறக்க மாட்டேன் சார்!" புன்லெங் அண்ணன் திரும்பாமலே கத்தினார். அவர் கழுத்து வியர்த்திருந்தது.

பாலம் முடிந்து கதவு திறந்ததும் மானோப் முழங்கால் அளவுத் தண்ணீரில் குதித்து ஓடினார். மழைச்சத்தம் திரும்ப வந்தது. கடைசி இருக்கையில் யாரும் இல்லை. கிட்டே போய்த் தொட்டுப் பார்த்தேன்.

காய்ந்து கிடந்தது.

என்மேல் புகார் வரவேயில்லை. பதினோரு நாள் கழித்து, காலை நெரிசலில் மானோப் ஏறினார். சீருடை இல்லை. கண்கள் குழிக்குள் போயிருந்தன.

"ரெண்டு குடு, பயோம்."

"கூட யாரு சார்?"

காசை என் கையில் திணித்தார். இருவர் உட்காரும் இருக்கையில் சன்னலோடு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார். படிக்கட்டு வரைக்கும் ஆட்கள் நின்றார்கள். அவருக்குப் பக்கத்து இடம் மட்டும் காலியாகவே இருந்தது. என் கண்ணுக்கு அங்கே யாரும் தெரியவில்லை.

இரண்டு கைகளிலும் காய்கறிப் பைகளோடு ஏறிய ஒரு பெண் அந்த இடத்தில் உட்காரக் குனிந்தாள். சட்டென்று நிமிர்ந்து, பைகளோடு கைகளைக் கூப்பினாள்.

"மன்னிச்சுக்கங்க அக்கா," என்றாள் அந்த வெற்றிடத்தைப் பார்த்து. "நீங்க உக்காந்திருக்கறத கவனிக்கல."