காலிக் கூண்டுக்குப் போன குரல்

தட்டு ஆணியில் மாட்டியிருந்தது.

காலையில் நடைக்கதவைத் திறந்ததும் கரடியக்கா முதலில் பார்த்தது அதைத்தான். முந்தின சாயங்காலம் ரொட்டியும் பழமும் போட்டு, கூண்டுக் கம்பிக்கு அடியில் அவளே உள்ளே தள்ளிவிட்டுப் போன தட்டு. இப்போது கழுவித் துடைத்த மாதிரி பளபளவென்று, கம்பிக்கு வெளியே, நடையின் எதிர்ச் சுவரில், அவள் வழக்கமாக மாட்டும் அதே ஆணியில் தொங்கியது. நடைக்கு ஒரே சாவி, அது அவள் இடுப்பில் இருந்தது.

கரடியக்கா என்பது பூங்காவில் எல்லாரும் சேர்ந்து வைத்த பெயர். ஏரியில் படகுத்துறை, மரங்களுக்கிடையே கயிற்றுப் பாலம், கூடாரம் போட ஒரு திடல், மான், மயில், குரங்கு என்று காட்டை ஒட்டிப் பரந்து கிடந்த அந்த இடத்தில் கரடி மட்டும் ஒன்றே ஒன்று. குட்டியாக வந்ததைப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தவள் அவள். சாயங்காலம் பூட்டும் விசில் ஊதியதும், உள்ளறைக்குப் பின்னாலிருக்கும் இந்தக் குறுகிய நடையில் நின்று, "தங்கம்... வா. வீட்டுக்கு வா" என்று இழுத்துக் கூப்பிடுவாள். சங்கிலியைக் கீழே இழுத்தால் உள்ளறையின் இரும்புக் கதவு மேலே ஏறும். வெளி முற்றத்திலிருந்து கரடி ஆடி அசைந்து உள்ளே வரும். சங்கிலியை விட்டால் கதவு தடாலென்று விழும். அதன்பிறகுதான் அவளுக்கு நாள் முடியும்.

மழைக்காலத்தில் கரடி செத்துப்போனது. ஆனால் அவள் வாய் நிற்கவில்லை. சாயங்காலமானால் வந்து கூப்பிட்டாள், கதவை ஏற்றிச் சங்கிலியைக் கொக்கியில் மாட்டினாள், தட்டை வைத்துவிட்டுப் போனாள். பெற்ற பிள்ளை போனமாதிரி துக்கம் என்று மற்றவர்களும் விட்டுவிட்டார்கள். முதலில் தட்டில் எறும்புதான் மொய்த்தது. பிறகு ஒருநாள் தட்டு காலியாகியிருந்தது, மறுநாளும் அப்படியே. கீரியோ, காட்டுப்பூனையோ, யாரோ ஒருத்தர் சாப்பிடட்டும் என்று அவளுக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. பாவி மனசு!

உள்ளேயிருந்து எட்டுமா என்று, இப்போது கம்பியோடு தோளை ஒட்டிக்கொண்டு ஆணியை நோக்கிக் கையை நீட்டிப் பார்த்தாள். பாதித் தூரம்கூட எட்டவில்லை.

உள்ளறையில் கரடியின் வாடை இல்லை. நனைந்த சாக்கு வாடை அவள் கரடிப்பயலுடையது. இது வேறு, பாசி பிடித்த தொட்டியைச் சுரண்டினால் வருமே, அந்த வாடை. அவன் வைக்கோலை நடுவில் வட்டமாகப் பரப்பிக்கொள்வான். இப்போது அது நடையோரம், அவள் நின்று கூப்பிடும் இடத்துக்கு நேர் மறுபக்கம், அமுங்கிக் கிடந்தது. யாரோ சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்த மாதிரி ஈரத்தடம். அதன் உச்சி அவள் தலைக்கு மேலே இருந்தது.

கொக்கியிலிருந்து சங்கிலியை விடுவித்துக் கதவை இறக்கினாள். இனிமேல் கூப்பிடுவதில்லை. போதும்டா சாமி, போதும்.

"உள்ளே ஏதோ வந்துட்டுப் போயிருக்கு," என்றாள் வாசல் காவலாளியிடம்.

"குரங்கா இருக்கும்க்கா."

"குரங்கு தட்டைக் கழுவி மாட்டுமா?"

"நல்ல குடும்பத்துக் குரங்கு போலிருக்கு."

அவன் தன் பேச்சுக்குத் தானே சிரித்தான். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் நினைப்பெல்லாம் மகளிடம் இருந்தது.

மகளுக்குப் படகுத்துறையில் வேலை. வீட்டில் இருப்பது அவர்கள் இருவர்தான். புதுவேலி போடுவதற்காகக் கரடி முற்றத்தின் பின்வேலியைப் பிரித்துப் போட்டதிலிருந்து, சுற்றி நடக்கச் சோம்பல்பட்டு, மகள் தினமும் முற்றத்தின் வழியாகவே நுழைவாள். உள்ளறையைக் கடந்து, அம்மா கம்பிக் கதவின் பூட்டைத் திறந்துவிட நடைக்கு வந்து, அவளோடு வீட்டுக்குப் போவாள். கரடியக்கா மத்தியானமே ஏரிக்கு ஓடினாள். மகள் குனிந்து படகுக் கயிற்றை முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னிக்கு அந்தப் பக்கம் வராதே. பெரிய கேட் வழியா வா."

"ஏன், உன் செல்லப்பிள்ளை ஆவியா வந்துட்டானா?"

"வாயைக் கழுவுடி."

"எங்க ரெண்டு பேருக்கும் ஒரே கூப்பாடு. 'தங்கம் வா'ன்னா யாரைக் கூப்பிடுறேன்னு எனக்கே இன்னும் புரியலை. எனக்குன்னு தனியா ஒண்ணு வெச்சிருக்கக்கூடாதா?"

"சொன்னதைக் கேளு."

"சரிம்மா, சரி. போய் வேலையைப் பாரு."

அந்தச் 'சரி' காதோடு நின்ற 'சரி' என்று பெற்றவளுக்குத் தெரியாதா?

சாயங்காலம் ஏரியிலிருந்து பனி ஏறி வந்தது. மயில்கள் நேரத்தோடு அடங்கின. விசில் ஊதி, வந்தவர்கள் எல்லாரும் வெளியேறி, பெரிய கேட்டில் அவள் மட்டும் நின்றாள். மகளைக் காணோம். போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மனசு கேட்காமல் நடைக்கு ஓடினாள். கதவு இறங்கியிருந்தது. அப்பாடா என்று சுவரில் சாய்ந்தாள். நடையில் இருட்டு. கூரையிலிருந்து எங்கோ நீர் சொட்டும் சத்தம். தூரத்தில் ஒரு மான் கனைத்து நிறுத்தியது.

இரும்புக் கதவுக்கு அப்பால், முற்றத்திலிருந்து, ஒரு குரல் எழுந்தது.

"தங்கம்... வா. வீட்டுக்கு வா."

அவளுடைய குரல். 'வீட்டுக்கு' என்ற இடத்தில் லேசாகக் கரகரக்குமே, அதுகூட அப்படியே.

"இதோ வர்றேம்மா!" மகளின் குரல், இன்னும் தள்ளி, பனிக்குள்ளிருந்து. "படகைக் கட்ட நேரமாயிருச்சு. அதான் இந்தப் பக்கமாவே வந்துட்டேன், திட்டாதே!"

"வராதே! அங்கேயே நில்லுடி!" கரடியக்கா தொண்டை கிழியக் கத்தினாள்.

"வராதே! அங்கேயே நில்லுடி!" என்றது முற்றம்.

மகள் சிரித்தாள். "எங்கேம்மா இருக்கே? ரெண்டு பக்கமும் கேக்குது."

"அது நானில்லை!"

"அது நானில்லை." இப்போது மகளுக்குப் பக்கத்தில்.

கரடியக்கா வாயைப் பொத்திக்கொண்டாள். எதைச் சொன்னாலும் அது பிடுங்கிக்கொள்கிறது. சொல்லாமல் இருந்தாலோ, அதன் குரல் மட்டும்தான் மகளுக்குக் கேட்கும். கேட்டது. தேனாக, பொறுமையாக. "தங்கம்... வா."

யோசிக்க நேரமில்லை. இத்தனை நாள் அது அவள் கூப்பிட்டுத்தானே வந்தது? இப்போதும் வரட்டும். உள்ளே வந்ததும் கதவைப் போட்டுவிடலாம். மகள் வெளியே தப்பித்துக்கொள்வாள்.

இரண்டு கையாலும் சங்கிலியை இழுத்தாள். கதவு ஏறியது. கரடியைக்கூட அவ்வளவு ஆசையாகக் கூப்பிட்டிருக்கமாட்டாள்.

"தங்கம்... வா. வீட்டுக்கு வா."

முற்றத்துக் குரல் நின்றது.

வைக்கோல் சரசரத்தது. பாசி வாடை குப்பென்று அடித்தது. இருட்டில் ஏதோ குனிந்து நுழைந்தது. கம்பிக்கு மிக அருகில் ஈரமான மூச்சு.

சங்கிலியை விட்டாள்.

தடால்.

"ஓடு கண்ணு! பெரிய கேட்டுக்கு ஓடு!"

காலடிச் சத்தத்துக்குக் காதைத் தீட்டினாள்.

"ஓடுறியாடி? சொல்லு!"

வெளியே பனி. சத்தமே இல்லை.

"அம்மா..." உள்ளறையிலிருந்து, மெதுவாக. "ஏம்மா கதவைப் போட்டே? ஒரே இருட்டா இருக்கு."

அதுதான் பேசுகிறது. அதேதான். நம்பாதே, நம்பாதே என்று சொல்லிக்கொண்டே சுவரைத் தடவி விளக்கைப் போட்டாள்.

கம்பியைப் பிடித்தபடி மகள் நின்றாள். நனைந்த முடி. கயிறு உரசிச் சிவந்த விரல்கள்.

"நீதானேம்மா கூப்பிட்டே? கதவு ஏறுற சத்தம் கேட்டுத்தான் ஓடி வந்தேன்."

ஐயோ. ஐயோ, என் கையாலேயே.

மகளுக்குப் பின்னால், விளக்கு எட்டாத மூலையில், வைக்கோல் மறுபடி சரசரத்தது. எழுந்திருக்கும் சத்தம். எழுந்துகொண்டே இருக்கும் சத்தம்.

"அம்மா," மகள் திரும்பவில்லை. உதடு மட்டும் அசைந்தது. "என் பின்னாடி யாரு?"

கம்பிக் கதவின் பூட்டைத் திறந்துகொண்டிருக்க நேரமில்லை. கரடியக்கா சங்கிலியில் பாய்ந்து தொங்கினாள். கதவு ஒரு சாண் ஏறியது. இன்னொரு சாண். மகள் தரையில் விழுந்து இடுக்கை நோக்கித் தவழ்ந்தாள்.

மகள் நின்றிருந்த இடத்தில், கம்பிகளுக்கு நடுவே ஒரு கை வெளியே வந்தது. வெளிறி, ஈரமாக. முழங்கை வந்தது. அதற்கப்புறம் இன்னொரு முழங்கை. அவசரமே இல்லாமல் வந்து, சங்கிலியைப் பிடித்திருந்த கரடியக்காவின் இரண்டு கைகளையும் சேர்த்து மூடிக்கொண்டது. இதமாக, பாரம் தூக்க ஒத்தாசை செய்வதுபோல.

"வீட்டுக்கு வந்தாச்சு, தங்கம்," என்றது அவள் குரல், அவள் காதருகில்.

அவள் பிடி விடவில்லை. அவள் கைகளோடு சேர்த்து, சங்கிலி ஒவ்வொரு வளையமாக மேலே ஏற, மகள் தவழ்ந்துபோன இடுக்கு குறுகத் தொடங்கியது.