நாலு மைல் மௌனம்

"கதவ யாரு சாத்துனது?"

வாடகைக் காரில் இருந்த கணவனும் மனைவியும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பாறையைப் பிளக்கிற ஆகஸ்ட் வெயில். மார்வா தன் பிக்கப் வண்டியை ரோட்டுக்குக் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கி நின்றாள். சாத்திய கம்பிக் கதவுக்கு அந்தப்பக்கம் மாடுகள் நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு முட்டி மோதின. தண்ணீர்த் தொட்டி இருப்பதோ இந்தப்பக்கம்.

"நாங்கதான்..." என்றார் கணவர். "சாத்தச் சொன்னாரும்மா."

"யாரு?"

"இந்தத் தம்பி." போனை நீட்டினார்.

போனுக்குள்ளிருந்து ஒரு ஆண்குரல் பேசியது. "நண்பர்களே, இது மாட்டுக்காரங்க பூமி. கதவத் தாண்டுனதும் மறக்காம சாத்திட்டுப் போங்க. அதுதான் இந்த ஊர் மரியாதை."

இப்போது இப்படி ஒன்று வந்திருக்கிறது. காரை ஓட்ட ஓட்ட, இடம் வர வர, போன் தானாகப் பேசும். இன்ன பாறைக்கு இன்ன கதை, இன்ன வளைவில் நில், இன்ன இடத்தில் படம் எடு. கூட ஆள் வேண்டாம். சொந்தக் கண்ணை விட்டுவிட்டு, முகம் தெரியாதவன் பேச்சை நம்பிப் பள்ளத்தாக்கின் விளிம்பு வரைக்கும் போகிறார்கள். நல்ல தைரியம்தான்.

யூட்டா மாநிலத்தின் இந்தச் செம்மண் காட்டில் நடக்கப் பழகும் பிள்ளைக்குக்கூடத் தெரியும். திறந்து கிடக்கும் கதவைத் திறந்தபடி விடு. சாத்தியிருந்தால் சாத்திவிட்டுப் போ. கண்டது கண்டபடி. மாடு தண்ணீருக்கு வரட்டும் என்றுதான் மார்வாவின் அப்பா லமார் அதைத் திறந்து போட்டிருந்தார். மரியாதை சொல்லிக்கொடுத்த மகராசனுக்கு அதில் பாதிதான் தெரியும்.

ஒரு கிடாரிக் கன்று படுத்தது எழவில்லை. லமார் அதன் தலையை மடியில் வைத்துக் கையால் தண்ணீர் புகட்டினார். அது காதை ஆட்டிய பிறகுதான் அவருக்கு வாய் வந்தது.

"நாளைக்குச் சங்கிலி போட்டுப் பூட்டுறேன். இனி ஒரு பய என் நிலத்துல கால் வைக்கக் கூடாது."

கதவுக்கு அப்பால் போகிற பாதை அவர் நிலம். அது போய் முடிகிற இடம்தான் பள்ளத்தாக்கின் விளிம்பு. கீழே ஆறு ஒரு நூலாகத் தெரியும். அதைப் பார்க்கத்தான் அத்தனை கூட்டமும். அதை அடைத்துவிட்டால் அந்தப் போன்காரனின் பயணம் மாப்பிள்ளை இல்லாத கல்யாணம்.

"பூட்டுங்கப்பா," என்றாள் மார்வா. "அதுக்கு முன்னாடி அவன் இன்னும் என்னென்ன உளறியிருக்கான்னு பாத்துட்டு வர்றேன்."

"வாயால பொழைக்கிறவன் பேச்சுல என்ன இருக்கும்?"

"அதத்தாம்ப்பா பாக்கப் போறேன்."

காட்டுக்குள் போனுக்கு உயிர் கிடையாது. ஊருக்குப் போய், பெட்ரோல் பங்க் வாசலில் நின்று, அந்தப் பயணத்தைப் போனில் இறக்கிக்கொண்டாள். பிறகு, பிறந்ததிலிருந்து போய்வந்த அதே ரோட்டில் வெளியூர்க்காரி மாதிரி கிளம்பினாள்.

திட்டுவதற்காகத்தான் கேட்க ஆரம்பித்தாள்...

குரலில் லேசான கரகரப்பு. ஓடைத் தண்ணீரில் கூழாங்கல் உருளுகிற மாதிரி. "இந்தப் பாறையச் சிவப்புன்னு சொல்வாங்க. சாயங்காலம் வந்து பாருங்க. அது வேற நிறம். அதுக்குப் பேரு எனக்குத் தெரியல."

மார்வா சிரித்துவிட்டாள். அவளுக்கும் தெரியாது.

"வலது கைப்பக்கம் சாம்பல் நிறத்துல புதர் இருக்கு பாருங்க. ஒரு இலையக் கசக்கி மோந்து பாருங்க. மழை அதுலதான் ஒளிஞ்சிருக்கு."

இவன் சொன்னால் நான் செய்யவேண்டுமா... என்று நினைத்துக்கொண்டே வண்டியை நிறுத்தினாள். கசக்கினாள். மோந்தாள். முப்பது வருஷமாகக் காலில் மிதிபட்ட புதர். யாராவது பார்த்துவிட்டார்களா என்று ரோட்டை இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, இன்னொரு தடவை மோந்தாள்.

காட்டன்வுட் மரங்கள் நிற்கிற வளைவு வந்தது. "இனி நாலு மைலுக்கு நான் பேசப் போறதில்ல," என்றது குரல். "நீங்களே பாருங்க."

அத்தோடு சரி. அந்த நாலு மைலும் மார்வா குடும்பத்து இடம். புல் வயல், முறிந்த காற்றாலை, தகரக் கூரை வீடு. ஒரு வார்த்தை இல்லை. மொட்டைப் பாறைக்கெல்லாம் கதை சொன்ன வாய், இங்கே வந்ததும் பூட்டிக்கொண்டது.

எங்களைப் பத்திச் சொல்ல ஒண்ணுமே இல்லையா...

திரும்பிப் போய் மறுபடி ஓட்டி வந்தாள். மறுபடியும் மௌனம்தான். கோபமாகத் தொடங்கியது, கண்ணில் விழுந்த தூசி மாதிரி உறுத்த ஆரம்பித்தது. ஏன்? ஏன் சரியாக இங்கே?

மூன்றாம் தடவை கிளம்பியபோது மழை பிடித்துக்கொண்டது.

இந்த ஊர் மழை தூறிப் பழகாது. மேகம் செங்குன்றின் தலையில் வந்து உட்கார்ந்ததுதான் தெரியும்... பாறை இடுக்கெல்லாம் அருவி. வளைவுக்கு முன்னால் இருக்கிற வறண்ட ஓடை, வேரும் கட்டையுமாகச் சிவந்து புரண்டு வந்தது. மார்வா இன்ஜினை அணைத்தாள். தண்ணீர் தானாக வடியும். அதுவரை உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

பின்னால் ஒரு சாம்பல் நிறக் கார் வந்து நின்றது. ஒல்லியாக, உயரமாக ஒருவன் இறங்கி, பேன்ட்டை மடித்துக்கொண்டு, ஓடையில் ஒரு காலை வைத்துப் பார்த்தான்.

"அதுல இறங்குனீங்கன்னா, கொலராடோ ஆத்துலதான் கரையேறணும்," என்று கத்தினாள் மார்வா.

அவன் திரும்பினான். இமையிலிருந்து தண்ணீர் சொட்டியது. கண்கள்... அவள் கசக்கி மோந்த அந்தச் சேஜ் புதரின் இலை மழையில் நனைந்த நிறம். "முழங்கால் அளவுதான் இருக்கும்னு நெனச்சேன்," என்றான்.

அந்தக் கரகரப்பு!

மார்வா போனை எடுத்து, ஓடைக்கான இடத்தைத் தேடித் தட்டினாள். "நண்பர்களே, இந்த ஓடைல தண்ணி வந்தா தாண்டாதீங்க. முழங்கால் அளவுதானேன்னு இறங்குனவங்க திரும்பி வந்ததில்ல."

அவன் காலை எடுத்துக்கொண்டான்.

"ஊருக்குத்தான் உபதேசமா?"

"அது... நான்தான்."

"தெரியுது. கதவச் சாத்தச் சொன்ன மகராசன். ஏறுங்க உள்ள. நனைஞ்சு செத்தீங்கன்னா அந்தப் பழியும் எங்க நிலத்துக்குத்தான் வரும்."

அவன் பெயர் டெல்வின். சால்ட் லேக் பட்டணத்துக்காரன். பொட்டலத்தில் உருளை வறுவலும் இளஞ்சிவப்புச் சாஸும் வைத்திருந்தான். நீட்டினான். அவள் எடுத்துக்கொண்டே, அவன் செய்த காரியத்தைச் சொன்னாள். அவன் முகம் சுருங்கிப்போயிற்று.

"அந்தக் கன்னு... இப்ப எப்படி இருக்கு?"

சாக்குச் சொல்வான் என்று எதிர்பார்த்திருந்தாள். முதல் கேள்வி கன்றைப் பற்றி வந்ததில் அவள் கோபம் பாதி கரைந்தது. அதை அவனுக்குக் காட்டவில்லை.

"எந்திரிச்சிருச்சு. எங்கப்பா கோபம்தான் இன்னும் உக்காரல. நாளைக்குக் கதவுக்குப் பூட்டு."

"நியாயந்தான்."

"சண்டை போட மாட்டீங்களா?"

"தப்பு என்மேல இருக்கே. எங்க ஊர்ல கதவத் திறந்து போட்டாத்தான் திட்டுவாங்க. இங்கயும் அப்படித்தான்னு நெனச்சுட்டேன்."

அக்கரையில் பக்கத்துப் பண்ணைக்காரரின் லாரி வந்து, வெள்ளத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. ஸ்டீயரிங்கிலிருந்து கையை எடுக்காமல், ஆள்காட்டி விரலை மட்டும் லேசாக உயர்த்தினாள் மார்வா. அவரும் அப்படியே உயர்த்திவிட்டுப் போனார். இது இந்த ஊர் வணக்கம். டெல்வினின் கையிலிருந்த வறுவல் வாய்க்குப் போகவில்லை. அவள் விரலையே பார்த்துக்கொண்டிருந்தான்... யாரையோ அடையாளம் கண்டவன் மாதிரி.

"என்ன?"

"ஒண்ணுமில்ல."

"அந்த நாலு மைல்ல ஏன் பேசல நீங்க?"

அவன் காது மடல் சிவந்தது. "தண்ணி வடிஞ்சிருச்சு போலருக்கே..."

"ஒரு விரக்கடை கூட இறங்கல."

"வேற ஒரு நாள் சொல்றேன்."

"அந்த வேற நாள்லதான் பூட்டு தொங்குமே."

அவன் வறுவலைக் கொறிக்கத் தொடங்கினான். மழை மட்டும் வண்டியின் தகரக் கூரையில் பேசிக்கொண்டே இருந்தது. வெள்ளம் வடிந்து அவன் கார் போன பிறகு, இன்னும் கொஞ்சம் பெய்திருக்கலாம் என்று அவளுக்குத் தோன்றியது. தன்னைத்தானே திட்டிக்கொண்டு வண்டியை எடுத்தாள்.

மறுநாள் காலை லமார் சங்கிலியும் கையுமாகக் கதவடியில் நின்றபோது சாம்பல் நிறக் கார் வந்தது. மார்வா தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். டெல்வின் கதவைத் தொடவில்லை. திறந்திருந்ததைத் திறந்தபடி விட்டு, வெளியிலேயே நின்றான். கையில் ஒரு கிரீன் ரிவர் ஊர் முலாம்பழம்.

"லஞ்சமா?" என்றார் லமார்.

"மன்னிப்புங்க ஐயா."

"அதுக்குப் பழம் எதுக்கு? வாய் இல்லையா? வாய வெச்சுத்தான பொழைக்கிற?"

டெல்வின் போனை எடுத்தான். ராவோடு ராவாகப் புதிதாகப் பேசிச் சேர்த்திருந்தான். "நண்பர்களே, முன்னாடி நான் தப்பாச் சொல்லிட்டேன். கதவக் கண்டது கண்டபடி விட்டுப் போங்க. என் பேச்சால ஒரு கன்னு தண்ணியில்லாமத் தவிச்சிருக்கு. அத நெனச்சுக்கிட்டே போங்க."

"குரல் நல்லாத்தான் இருக்கு," என்றார் லமார். "பாம்புக்குந்தான் தோலு நல்லாருக்கும்."

"அப்பா..."

"இரு புள்ள. எனக்கு ஒரு கேள்வி இருக்கு. ராத்திரி பூரா நீ அதத்தான சொல்லிக்கிட்டிருந்த?" அவர் அவன் பக்கம் திரும்பினார். "மொட்டைப் பாறைக்கெல்லாம் கதை சொல்றியாம். என் நிலம் வந்தா ஊமையாயிடுறியாம். என் பாட்டன் காலத்துலருந்து உழுத நிலம், அவ்வளவு கேவலமா போச்சா உனக்கு? நேராச் சொல்லு. சரியாச் சொன்னா பாதை. இல்லன்னா பூட்டு."

டெல்வின் மார்வாவைப் பார்த்தான். அவள் தலையைக் குனியவில்லை. அவளுக்கும் தெரிந்தாக வேண்டும்... பூட்டு விழுந்தால் அந்தப் பதில் வெளியிலேயே நின்றுவிடும். அவனும்தான்.

"எத்தனையோ தடவ பேசிப் பாத்தேங்கய்யா," என்றான் மெதுவாக. "போன வருஷம், முதல் நாளு. இந்தப் பக்கம் யாரையும் தெரியாது. எதுக்கு இந்த வேலைக்கு வந்தோம்னு நெனச்சுக்கிட்டே ஓட்டிக்கிட்டு இருந்தேன். அந்தக் காத்தாலைப் பக்கத்துல எதிர்க்க ஒரு பிக்கப் வண்டி வந்துச்சு. ஓட்டுனவங்க... ஒரு விரலத் தூக்குனாங்க."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். ஏதோ என்னையப் பல வருஷமாத் தெரிஞ்ச மாதிரி. புழுதில முகம் சரியாத் தெரியல. அதுக்கப்புறம் இந்த நாலு மைல்ல காத்தாலையப் பத்திப் பேச ஆரம்பிச்சாலும் அந்த விரல்லதான் போய் முடியுது. வயலப் பத்திப் பேசுனாலும் அங்கதான். ஊருக்கே போட்டுக் காட்ட முடியாதுல்ல... அதான் பேசாம விட்டுட்டேன். நேத்து அந்த விரல மறுபடியும் பாத்தேன்."

ஒரு மாடு நிதானமாகக் கதவைத் தாண்டித் தண்ணீருக்குப் போயிற்று.

"அட கிறுக்கா," என்றார் லமார். "நாங்க எல்லாருக்குந்தான் விரலத் தூக்குவோம். தபால் வண்டிக்குத் தூக்குவோம். வரி கேட்டு வர்றவனுக்கும் தூக்குவோம்."

"தெரியுங்க ஐயா. பின்னாடி தெரிஞ்சுக்கிட்டேன். அதுக்குள்ள எனக்குக் காரியம் முத்திருச்சு."

லமார் மகளைப் பார்த்தார். அவள் முகத்தில், சாயங்காலப் பாறையில் வருகிற, பேர் தெரியாத அந்த நிறம். அவர் முலாம்பழத்தைப் பிடுங்கிக் காம்புப் பக்கம் மோந்தார். "பழம் பழுத்துத்தான் இருக்கு," என்று முனகினார். சங்கிலியைப் பிக்கப்பின் பின்பக்கம் எறிந்துவிட்டு, இன்னும் நம்பாதவர் மாதிரியே வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.

மார்வா சாம்பல் நிறக் காரில் ஏறி உட்கார்ந்தாள். "விளிம்பு வரைக்கும் போகலாம். வேற எதுல தப்பா உளறியிருக்கன்னு நான் பக்கத்துல உக்காந்து பாக்கணும்."

'நீங்க' எப்போது 'நீ' ஆயிற்று என்று இருவருமே கவனிக்கவில்லை.

"அந்த நாலு மைலுக்கு இப்ப ஏதாவது பேசிச் சேக்கட்டுமா?" என்றான் அவன், விளிம்பைப் பார்த்துவிட்டுத் திரும்புகிற வழியில்.

"வேணாம். அது அப்படியே இருக்கட்டும்." அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். "ஊருக்குச் சொல்லாத. எனக்கு மட்டும் சொல்லு... இந்தப் பக்கம் போகும்போதெல்லாம். நான் மூணு தடவ ஓட்டிட்டு வந்தது கதவுக்காகன்னு நெனச்சியா? இந்தக் குரலுக்காகத்தான்."

அவன் பதில் சொல்வதற்குள் புழுதி கிளம்பியது. தீவனம் ஏற்றிக்கொண்டு லமாரின் பிக்கப் எதிரே வந்தது. டெல்வின் தயங்கித் தயங்கி ஸ்டீயரிங்கிலிருந்து ஒரு விரலை உயர்த்தினான். கிழவர் அவனைப் பார்த்தார். பக்கத்தில் உட்கார்ந்திருப்பது யார் என்று பார்த்தார். பிறகு கையை எடுக்காமலே இரண்டு விரலை உயர்த்திவிட்டுப் போனார்.

அப்பா யாருக்கும் இரண்டு விரல் உயர்த்தி மார்வா அதுவரை பார்த்ததில்லை.