மூன்று விநாடி மீன்

நடந்ததை நடந்த வரிசையிலேயே இந்த நோட்டில் எழுதுவது என் வழக்கம். சரியாக எழுதினேனா என்று சந்தேகம் வந்தால், ஓரத்தில் பென்சிலால் கேள்விக்குறி போடுவேன். இந்த வாரம் ஓரம் முழுக்கக் கேள்விக்குறிதான்.

எங்கள் மாலை வகுப்பில் வெள்ளிக்கிழமை வினாடி வினா நடக்கும். ஜன்னல் வரிசைக்கும் கதவு வரிசைக்கும் போட்டி. ஜெயிக்கும் வரிசைக்கு டீச்சரின் பெரிய பூதக்கண்ணாடி ஒரு வாரத்துக்குச் சொந்தம். ஒரு நாளைக்கு ஒருவர் வீட்டுக்கு எடுத்துப் போகலாம்.

கேள்வி அட்டைகளை வாரம் ஒருவர் எழுத வேண்டும். முன்பக்கம் கேள்வியும் பதிலும். பின்பக்கம் அந்தப் பதிலுக்கு இரண்டு ஆதாரங்கள். இது டீச்சரின் விதி.

இந்த வாரம் என் முறை. நான் கதவு வரிசைதான். ஆனாலும் அட்டை எழுதியவர் பதில் சொல்லக் கூடாது என்பதால் டீச்சர் பக்கத்தில் நின்று கேள்விகளைப் படித்தேன்.

"ஆக்டோபசுக்கு எத்தனை இதயம்?"

"மூணு!"

"பல நாட்டுக் கதைகள்ல நிலாவுல குடியிருக்கிற விலங்கு எது?"

"முயல்!"

"கார்ட்டூன்ல வர்றவங்களுக்குப் பெரும்பாலும் ஏன் நாலு விரல்தான் இருக்கு?"

"அஞ்சாவது விரலை வரைய அலுப்பா இருந்திருக்கும்," என்றான் மைக். எங்கள் வரிசையில் அவன் குரல்தான் பெரிசு.

வரைவது சுலபம் என்பதுதான் பதில். டீச்சர் சிரித்துக்கொண்டே புள்ளி கொடுத்தார்.

பதினோரு கேள்வி முடிந்தபோது ஐந்துக்கு ஐந்து. ஒன்றுக்கு யாருக்கும் பதில் தெரியவில்லை. மிச்சம் ஒரே ஓர் அட்டை.

"தங்கமீனுக்கு எவ்வளவு நேரம் ஞாபகம் இருக்கும்?"

ஜன்னல் வரிசையின் முறை. கடைசி பெஞ்சிலிருந்து ஒரு கை எழுந்தது. கொட்டாவி! ரொட்டிக்கடை மாடியில் வீடு என்பதால் விடிவதற்கு முன்பே அவனுக்கு முழிப்பு வந்துவிடும். அதனால்தான் அந்தப் பெயர். வகுப்பில் அவன் கை தூக்கி நான் பார்த்ததே இல்லை.

"மாசக்கணக்கா இருக்கும்," என்றான்.

நான் அட்டையைப் பார்த்தேன். "தப்பு."

"மூணு விநாடி!" என்று கத்தினான் மைக்.

"சரி," என்றேன். பூதக்கண்ணாடி எங்களுக்கு.

"எங்க வீட்டு மீனுக்கு..." என்று ஆரம்பித்தான் கொட்டாவி.

"நீ வாயைத் திறந்தா கொட்டாவி மட்டும் விடு, போதும்," என்றாள் அவன் பக்கத்தில் இருந்தவள். எல்லாரும் சிரித்தார்கள். அவன் தலையை மேசையில் கவிழ்த்துக்கொண்டான். தூங்குவதற்காக இல்லை என்று எனக்குத் தெரிந்தது.

வீட்டுக்கு வந்து பன்னிரண்டாவது அட்டையைத் திருப்பினேன். பின்பக்கம் என் கையெழுத்தில் இப்படி இருந்தது.

ஒன்று: மாமா.

இரண்டு: மாமா (மறுபடியும் கேட்டேன்).

கேட்டது இரண்டு தடவைதான். ஆனால் மாமா ஒருவர்தானே?

"மாமா, மீனுக்கு மூணு விநாடின்னு எங்க படிச்சீங்க?"

"பபிள்கம் காகிதத்துல. அச்சடிச்சே போட்டிருந்தாங்க!"

"பபிள்கம் விக்கிறவங்களுக்கு மீனைப் பத்தி என்ன தெரியும்?"

மாமா மேலே மின்விசிறியைப் பார்த்தார். "அதை நான் கேக்கலையே."

சனிக்கிழமை பூதக்கண்ணாடி என் முறை. அதை உறையிலிருந்து எடுக்கவே இல்லை. நூலகத்துக்குப் போய் மீன் வளர்ப்புப் புத்தகத்தைத் தேடினேன். நாற்பத்தோராம் பக்கத்தில் இருந்தது: தங்கமீன்களுக்குப் பழகியது மாதக்கணக்கில் நினைவிருக்கும்.

நேரே ரொட்டிக்கடை மாடிக்கு ஏறினேன். கொட்டாவிதான் கதவைத் திறந்தான்.

"உன் பதில்தான் சரி. தப்பு என் அட்டையில. வெள்ளிக்கிழமை எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"நீ சொன்னா நம்புவாங்களா? மறுபடியும் சிரிப்பாங்க."

அதுவும் உண்மைதான். "அன்னைக்கு உன் மீனைப் பத்தி என்ன சொல்ல வந்தே?"

"மேசையில கரண்டியால ரெண்டு தட்டு தட்டினா இடது மூலைக்கு வந்துடும். அங்கதான் தீனி போடுவேன்."

எனக்கு ஒரு யோசனை வந்தது. "வெள்ளி வரைக்கும் தட்டாம, வேற மூலையில தீனி போடு. அப்புறம் எல்லாரையும் கூட்டிட்டு வந்து தட்டிப் பாப்போம்."

"மறந்துட்டா?"

"என் மானமும் சேர்ந்து போகும்."

அவன் முதல் தடவையாகச் சிரித்தான். சிரிப்பு முடிந்ததும் கொட்டாவி விட்டான்.

வெள்ளிக்கிழமை வகுப்பில் அட்டையின் பின்பக்கத்தைச் சத்தமாகப் படித்தேன். "மாமா, மறுபடியும் மாமா" என்றதும் டீச்சருக்கே சிரிப்பை அடக்க முடியவில்லை. மைக் மட்டும் சிரிக்கவில்லை.

"நம்ம புள்ளியை நீயே தூக்கிக் குடுக்கிறியா?"

"அது நம்ம புள்ளியே இல்லடா. நான் தப்பா குடுத்தது."

டீச்சர் எங்கள் எல்லாரையும் ரொட்டிக்கடை மாடிக்கு அழைத்துப் போனார். இத்தனை முகங்களை ஒன்றாகப் பார்த்த மீன், தொட்டியின் வலது பக்கச் செடிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது. வேறு சத்தத்துக்கும் வருமா என்று பார்க்க நான் மேசையில் பென்சிலைப் போட்டேன். அசையவில்லை. கைதட்டினேன். அசையவில்லை.

கொட்டாவி கரண்டியை எடுத்தான். டக், டக்.

மைக் எண்ண ஆரம்பித்தான். "ஒண்ணு... ரெண்டு... மூணு! பாத்தீங்களா, மறந்து போ..."

செடி அசைந்தது. மீன் வெளியே வந்தது. எங்கள் யாரையும் திரும்பிப் பார்க்காமல் நேரே இடது மூலைக்குப் போய், மேலே பார்த்து வாயைத் திறந்தது.

மைக் மெதுவாக, "இன்னொரு தடவை தட்டுடா," என்றான். அவன் குரல் அவ்வளவு சின்னதாக வரும் என்று அன்றுதான் தெரிந்தது.

"முதல்ல இதுக்குத் தீனி போடணும். கூப்பிட்டுட்டு ஏமாத்தக் கூடாது," என்றான் கொட்டாவி.

பூதக்கண்ணாடி ஜன்னல் வரிசைக்குப் போனது. முதல் நாள் அவனுக்கு. அதன் வழியாக மீன் அவனை எவ்வளவு பெரிதாகப் பார்த்திருக்கும் என்று தெரியவில்லை. கேள்விக்குறி போட்டு வைத்திருக்கிறேன்.

அட்டையைப் புதிதாக எழுதிவிட்டேன். பின்பக்கம் இப்படி இருக்கிறது.

ஒன்று: மீன் வளர்ப்புப் புத்தகம், பக்கம் 41.

இரண்டு: மீன் (மறுபடியும் தட்டிப் பார்த்தோம்).