கர்னலின் அறிவிப்பு

ஐரான் என்னும் மோர்க் கோப்பைகளின் மூடிகள் உப்பியிருந்தன. விமானம் மேலேறும்போது அவை கொஞ்சம் உப்புவது வழக்கம்தான். பதினோரு வருஷமாக அந்த மோரை நீட்டியே பிழைக்கும் பணிப்பெண் ருமியானாவுக்கு அது தெரியாததல்ல. ஆனால் இன்று தள்ளுவண்டியின் இழுப்பறையைத் திறந்தபோது வெள்ளித்தாள் மூடிகள் எல்லாம் தவளைத் தொண்டைகள்போல் விம்மிக்கொண்டிருந்தன. ஒன்று, அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே மெல்லப் பிளந்து, புளித்த வாடையை அவள் மணிக்கட்டில் உமிழ்ந்தது.

காது அடைத்தது. எச்சில் விழுங்கினாள், திறந்தது, மறுபடி அடைத்தது. எதுவோ குறைகிறது என்று தோன்றிற்று. இன்னது என்று பிடிபட ஒரு நிமிஷம் ஆயிற்று: தலைக்கு மேலுள்ள துளைகளில் எந்நேரமும் இரையும் காற்றின் ஓசை இல்லை. கையை உயர்த்திப் பார்த்தாள். ஒன்றும் வரவில்லை.

காரணம் அவளுக்குத் தெரியும். ஆகஸ்ட் நடுப்பகலில் நூற்றறுபது ஓய்வூதியக்காரர்களை அடைத்துக்கொண்டு பல்கேரியாவின் ப்லோவ்திவிலிருந்து கிரீட் தீவுக்குக் கிளம்பும்போது, எஞ்சினுக்கு முழு பலம் கிடைக்கட்டும் என்று பயணிகளுக்குப் போகும் காற்றைக் கொஞ்ச நேரம் அடைத்துவைப்பார்கள். மேலே போனதும் திறந்துவிட வேண்டும். கேப்டன் மறந்தால் துணை விமானி ஞாபகப்படுத்த வேண்டும். போன மாதம் துணை விமானி பிளாமென் ஞாபகப்படுத்தினான். கேப்டனான கர்னல் கராஸ்தோயனோவ் அன்று மாலை ஊழியர் பேருந்தில் அவனை எழுந்து நிற்கவைத்து, "நான் பிறக்கறதுக்கு முன்னாடியே கர்னல் பறந்தவர்" என்று மூன்று முறை சொல்லவைத்தார். விமானப்படையை விட்டுப் பத்து வருஷமாகியும், படைதான் தம்மை இழந்துவிட்டு ஏங்குவதாக நினைக்கும் மனிதர். பேருந்தில் எல்லாரும் சிரித்தார்கள். ருமியானாவும்தான்.

விமானி அறைக்குப் பேசும் தொலைபேசியை எடுத்தாள்.

"பிளாமென், காத்து வரலப்பா. அந்த சுவிட்சைப் பாத்தியா?"

பின்னணியில் ஏதோ ஒலிப்பான் விட்டுவிட்டு அலறிற்று.

"அவர் பாத்துப்பாரு அக்கா," என்றான் தணிந்த குரலில்.

"அது என்ன சத்தம்?"

"மெக்கானிக் பண்ணி வச்ச கோளாறாம். அவர் சொல்றாரு. என்னால மறுபடியும் பஸ்ஸுல நிக்க முடியாதுக்கா."

"டேய், நீ சும்மா கையை நீட்டித் திறந்துவிடு. யாரும் பாக்க மாட்டாங்க."

"அவர் பாப்பாரு."

வைத்துவிட்டான்.

குளிர் கால்வழியே ஏறிற்று. நெற்றிப்பொட்டில் யாரோ கட்டைவிரலை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. ஜன்னலோரத்துக் கிழவிகள் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டிருந்தார்கள். அப்போது கூரை முழுக்க ஒரே நேரத்தில் படாரென்று திறந்து, மஞ்சள் முகமூடிகள் வரிசை வரிசையாகத் தொங்கின. கருகின தூசியின் நாற்றம்.

ருமியானா பக்கத்தில் தொங்கியதை இழுத்து முகத்தில் பொருத்திக்கொண்டு கத்தினாள். "இழுத்து மூக்குல வைங்க. எல்லாரும்."

வைத்தார்கள். நூற்றறுபது பேரும் வைத்தார்கள். அவளுக்கு அழுகை வரும்போல் இருந்தது.

ஒலிபெருக்கி கனைத்தது.

"அன்பான பயணிகளே, உங்க கேப்டன் கர்னல் லியூபென் கராஸ்தோயனோவ் பேசறேன். முகமூடி விழுந்திருக்கும். சின்ன மின்கோளாறு, அவ்வளவுதான். முப்பத்திரண்டு வருஷ அனுபவத்துல சொல்றேன், எல்லாம் சரியா இருக்கு. கழட்டி, ஒழுங்கா மடிச்சு, மடியில வச்சுக்கோங்க."

முதல் வரிசை கழற்றியது. பிறகு இரண்டாவது. பின்கோடியில் நின்ற மற்ற இரு பணிப்பெண்களும் அவளைப் பார்த்தார்கள், ஒலிபெருக்கியைப் பார்த்தார்கள், கழற்றினார்கள்.

"கழட்டாதீங்க. செத்துப்போவீங்க. நான் சொல்றேன்."

ஏழாம் வரிசையில், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் என்று ஏறும்போதே நான்கு பேரிடம் சொல்லியிருந்த பெரியவர், குழாயை நேர்த்தியாகச் சுற்றிக்கொண்டே சிரித்தார். "கர்னல் சொல்றாரும்மா. நீ மோர் கொண்டு வர்றவ." அவர் உதடு அவுரி நிறத்தில் இருந்தது.

ருமியானா சுவரிலிருந்த பச்சை ஆக்சிஜன் உருளையை எடுத்துத் தோளில் மாட்டினாள். அதன் முகமூடிக்கு மாறினாள். நடந்தாள். தரை இன்னும் மேல்நோக்கிச் சாய்ந்திருந்தது. இன்னும் ஏறுகிறார்கள்.

"எவ்வளவு அழகு," என்றது ஒலிபெருக்கி. "அப்படியே நிக்குது. நான் மெடல் வாங்கின அன்னிக்கும் இப்படித்தான் வெயில். ஜெனரல் எங்கிட்ட வந்து... எங்கிட்ட வந்து..." கிளுகிளுவென்று சிரிப்பு.

விமானி அறைக் கதவில் அவசர எண்ணைத் தட்டினாள். முப்பது விநாடி. உள்ளே இருப்பவர்கள் மறுக்காவிட்டால் தானாகத் திறக்கும். பன்னிரண்டு. இருபது. இருபத்தெட்டு.

சிவப்பு விளக்கு.

"யாரது?" கர்னலின் குரல் கதவுக்குப் பின்னாலிருந்து வரவில்லை. விமானம் முழுக்கக் கேட்டது. "அனுமதி இல்லாம உள்ள வரக்கூடாது."

பின்னால் யாரோ மெல்லக் கைதட்டினார்.

மறுபடி எண்ணைத் தட்டினாள். விரல் மரத்திருந்தது. ஒலிபெருக்கியில் இப்போது பேச்சில்லை. மூச்சு மட்டும். நீளமாக ஒன்று. வெகுநேரம் கழித்து இன்னொன்று. கைதட்டலும் நின்றுவிட்டது. திரும்பிப் பார்க்கவில்லை. பத்து. மூச்சு. பத்தொன்பது. மூச்சு வரவில்லை. முப்பது.

பச்சை.

உள்ளே வெயில். கண் கூசும் வெயில். ஒலிப்பான் அலறிக்கொண்டேயிருந்தது. கர்னல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். ஒலிவாங்கி உதட்டருகே. நகங்கள் கறுத்திருந்தன. முகத்தில், மேடையில் மாலைக்குக் காத்திருப்பவரின் புன்னகை.

பிளாமெனின் முகமூடி அவன் மடியில் இருந்தது. ஒழுங்காக மடித்து.

அவன் வலது கை மேலே நீண்டிருந்தது. சுட்டுவிரல், கூரைப் பலகையில், அந்த சுவிட்சின்மேலேயே இருந்தது. தள்ளியிருக்கவில்லை. முழங்கை பலகை விளிம்பில் சிக்கியதால் கை கீழே விழாமல் நின்றது.

அவள் அந்த விரலின்மேல் தன் விரலை வைத்துத் தள்ளினாள். சுவிட்ச் திரும்பியது. விரல் ஐஸாக இருந்தது.

பிளாமென் அவள் பக்கம் திரும்பவில்லை. அவன் கண்கள் கர்னலின் முகத்தில் நிலைத்திருந்தன, இமைக்காமல், அனுமதி கேட்டபடி.