சாம்பல் காருக்கு ஒரு நன்றி

டீக்கடையில் ஸ்கோன் ரொட்டி சாப்பிடும்போது, கிரீமுக்கு மேல் ஜாமா, ஜாமுக்கு மேல் கிரீமா என்று ஆரம்பித்த சண்டை, காரில் ஏறி ஆறு மைல் தாண்டியும் முடியவில்லை. கணவர் டெஸ்மண்டோடு போடும் அந்தச் சண்டையே ஹெஸ்டருக்குப் பொழுதுபோக்காக இருந்தது. இங்கிலாந்தின் டெவன் கிராமப்புறத்தில் பார்க்க வேறு என்ன இருக்கிறது? இருபுறமும் ஆளுயரப் புதர்வேலி, நடுவே ஒரே ஒரு கார் போகிற பாதை, மழைக்கு முந்தைய சாணி வாடை.

வளைவில் எதிரே ஒரு பழைய சாம்பல் நிறக் கார் வந்தது.

இந்தப் பாதைகளில் யாராவது ஒருவர் பின்னால் போய் ஒதுங்க வேண்டும். கடந்து போகிறவர் நன்றிக்கு ஒரு கையைத் தூக்க வேண்டும். அந்தப் பக்கத்தில் கொலையைக்கூட மன்னித்துவிடுவார்கள். கை தூக்காததை மன்னிக்க மாட்டார்கள்.

காரை ஓட்டிய டெஸ்மண்ட் அசையவில்லை. சாம்பல் கார்தான் சத்தமே இல்லாமல் பின்னால் போய் ஒதுங்கியது. அவர் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்தபடி, நேரே பார்த்துக்கொண்டு கடந்தார்.

"கையத் தூக்கலையே நீ," என்றாள் ஹெஸ்டர்.

"அவன் ஒதுங்குனா நான் எதுக்குத் தூக்கணும்?"

"உள்ள யாருமே இல்ல, டெஸ்."

"அப்ப சரிதான். இல்லாதவனுக்கு என்ன நன்றி?"

அடுத்த வளைவில் அதே சாம்பல் கார் எதிரே நின்றது.

இம்முறை அது ஒதுங்கவில்லை. முட்டுமளவுக்கு நெருங்கியது. மூடிய கண்ணாடிகளைத் தாண்டி ஈர மண்வாடை உள்ளே வந்தது. டெஸ்மண்ட் கியரை மாற்றிப் பின்னால் போனார். போய்க்கொண்டே இருந்தார். வரும்போது இல்லாத ஓர் இறக்கம் பின்னால் தொடங்கியது. ஹெஸ்டர் திரும்பிப் பார்த்தாள். பாதை முடிகிற இடத்தில் பழைய கல்குவாரி. அது நிறையக் கறுப்புத் தண்ணீர்.

பிரேக் பிடிக்கவில்லை.

"கையத் தூக்கு," என்றாள் அடிக்குரலில்.

"முடியாது. தப்பு என்மேல இல்ல."

"தண்ணிக்குள்ள போயி யார்கிட்ட நியாயம் பேசுவ? தூக்கித் தொலை."

டெஸ்மண்ட் வலக்கையைத் தூக்கினார்.

கார் நின்றது. எதிரே பாதை காலியாக இருந்தது.

மீதித் தூரத்தை ஹெஸ்டர்தான் ஓட்டினாள்.

விடுதிச் சாப்பாட்டு அறையில் பரிமாறும் பெண் திரும்பிப் பார்த்தாள். "வந்துட்டேன் சார். நீங்க கையை இறக்கிக்கங்க."

"இறங்க மாட்டேங்குது," என்றார் டெஸ்மண்ட்.

ஹெஸ்டர் எழுந்து அவர் சட்டைக் கையை விலக்கினாள். மணிக்கட்டைச் சுற்றி, யாரோ பிடித்துத் தூக்கியிருப்பதுபோல், சதை விரல் விரலாக அமுங்கியிருந்தது. பிடித்திருக்கும் கைதான் இல்லை.

"ரொம்ப நன்றிங்க," என்றாள் அவருக்குப் பதிலாக, காற்றைப் பார்த்து.

பிடி இன்னும் கொஞ்சம் இறுகியது.