நீர்வாயிலில் உமி வண்டி

புதுவெள்ளம் கரைதொட்டுப் புரண்டோடிய வைகையின்மீது முழுமதி செம்பொன் தாம்பாளமென எழுந்துகொண்டிருந்த அந்தி வேளையில், குருந்தங்கோட்டையின் நீர்வாயிலை நோக்கி உமி வண்டியொன்று ஊர்ந்து வந்தது. மருத மரங்களில் அடைய வந்த நாரைகள் அமர மனமின்றி மீண்டும் மீண்டும் மேலெழுந்து வட்டமிட்டன. வண்டியை ஓட்டி வந்த பூவணத்தியின் நெஞ்சமும் அவ்வாறே ஓரிடத்தில் நில்லாமல் தவித்தது.

காரணம் கேட்பீர்கள், வாசகர்களே. மீன்கொடி பறந்த கொத்தளத்தில் இப்போது புலிக்கொடி பறந்தது. கோட்டைப் பெண்கள் சோழப் படைக்கு நெல் குத்தவேண்டும். முன்கையில் மீன் உருவைப் பச்சை குத்தியிருந்த ஆடவரோ குன்றுக்குக் கல்லுடைக்கச் செல்லவேண்டும். சென்றவர் எவரும் திரும்பவில்லை. பூவணத்தியின் தந்தை வேளார், கோட்டை முரசறைந்தவர். அவர் கையிலும் அந்த மீன் இருந்தது. நெற்கொட்டிலின் உமிக் குவியலுக்குள் அவரை ஒளித்து வைத்திருந்தாள். உமி முழுவதையும் ஆற்றங்கரைச் செங்கற்சூளைக்கு அனுப்பும்படி அன்று கட்டளை பிறந்துவிட்டது. வேறு வழியில்லாமல் உமியோடு உமியாகத் தந்தையையும் வண்டியில் ஏற்றியிருந்தாள்.

“நிறுத்து” என்றான் வாயிற்காவலன் சேந்தன். படிக்கட்டின் மேலிருந்து காவல் தலைவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

“சூளைக்குப் போகும் உமி, ஐயா” என்றாள் பூவணத்தி.

சேந்தன் நீண்ட வேலை உமிக்குள் ஆழப் பாய்ச்சினான். உள்ளிருந்து முனகல்கூட எழவில்லை. ஆனால் அவன் வேலை உருவியபோது அதன் நுனி நிலவொளியில் ஈரமாய் மின்னியதைப் பூவணத்தி கண்டாள். மாடுகளின் கயிறு அவள் கையிலிருந்து நழுவியது.

சேந்தன் தலைவனுக்கு முதுகைக் காட்டித் திரும்பி, மேலாடையால் வேல் நுனியைத் துடைத்தான்.

“என்னடா இருக்கிறது?” என்று மேலிருந்து குரல் வந்தது.

“உமிதான் தலைவரே. சூளையில் கொட்டுவதையும் பார்த்துவிட்டு வருகிறேன்.”

ஆளில்லாத சூளையில் உமியைக் கொட்டினார்கள். அப்பால் நாணற் புதரில், பூவணத்தி சொல்லிவைத்தபடி பரிசலோடு ஒருவன் காத்திருந்தான். தோளில் குருதி வழிந்த வேளாரைச் சேந்தனே தூக்கிப் பரிசலில் கிடத்தித் தன் மேலாடையைக் கிழித்துக் காயத்தைக் கட்டினான்.

பூவணத்தி கைகூப்பினாள். “ஐயா, தாங்கள் மாறுவேடம் பூண்ட நம் பாண்டி நாட்டு ஒற்றர்தானே? இனியாவது உண்மையைச் சொல்லலாகாதா?”

“இல்லையம்மா. காவிரிக் கரையில் உழுதுகொண்டிருந்தவன் நான். புலிக்கொடியின் கீழ் வந்த சோழ வீரன்தான். மறைப்பதற்கு என்னிடம் வேறு பெயரில்லை.”

“பின் ஏன் எங்களை விட்டீர்கள்?”

சேந்தன் வேளாரின் தோள்கட்டை இறுக்கினான். “வேல் சதையில் இறங்கியதை என் கை உணர்ந்தது. ஆனால் இவர் வாய் திறக்கவில்லை. திறந்தால் உன் தலை போகும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிறார் என்று விளங்கிற்று. இரண்டாம் முறை குத்த எனக்குக் கை வரவில்லை.”

கோட்டையில் முதற்சாமக் கொம்பு முழங்கியது. பரிசற்காரன் துடுப்பை எடுத்தான். “மகளே, ஏறு” என்றார் வேளார்.

ஒரு காலைப் பரிசலில் வைத்தவள் சேந்தனைத் திரும்பிப் பார்த்தாள். “நாளையும் நீர்வாயிலில் தாங்கள்தானா?”

“நான்தான். இன்னும் உமி இருக்கிறதா?”

“கொட்டில் நிறைய இருக்கிறது.”

அதன் பொருள் அவனுக்குப் புரிந்தது. “வேலை ஓரமாகத்தான் பாய்ச்சுவேன். வருபவர்களை நடுவில் இருக்கச் சொல்” என்றான்.

பூவணத்தி காலைப் பின்வாங்கிக் குனிந்து தந்தையின் பாதத்தைத் தொட்டாள். “அப்பா, இந்த வைகைமேல் ஆணை. கோட்டைக்குள் ஒளிந்திருக்கும் கடைசி மனிதர் அக்கரை சேரும்வரை நான் இந்த ஆற்றைக் கடக்கமாட்டேன்.”

அவள் பரிசலைத் தன் கையாலேயே வெள்ளத்தில் தள்ளிவிட்டு, வெற்று வண்டியின் மாடுகளைக் கோட்டையை நோக்கித் திருப்பினாள்.